இரண்டு கரிசால்

மதியத்துக்கு மேல் அணையைத் திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நோல்வியாவின் கையில் பாதி தின்ற பலேயாதா இருந்தது, அவரை விழுது தடவி மடித்த ரொட்டி. அதைக் காகிதத்தில் சுற்றி மேசை ஓரமாகத் தள்ளிவிட்டுத் திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒரு வாரமாக விடாமல் பெய்த மழை அன்று காலைதான் ஓய்ந்திருந்தது. ஓய்ந்ததில் யாருக்கும் நிம்மதி இல்லை. மலையில் பெய்ததெல்லாம் இனிமேல்தான் லீமோன் ஆற்றில் வந்து சேரும். அணை விளிம்பு தட்டி நின்றது. திறக்காவிட்டால் அணையே போய்விடும். திறந்தால் பள்ளத்தாக்கில் கரையோர ஊர்களுக்குள் தண்ணீர் புகும். திறப்பதற்குள் அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லி, மேடேற்றி, படகு வேண்டிய இடத்துக்குப் படகு அனுப்ப வேண்டும். சாந்தா ரீத்தா நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் இருந்த எச்சரிக்கை மையத்தின் வேலை அது.

மையத்தில் எல்லாமே ‘பின்னல்’ என்ற கணினித் தொகுப்பை வைத்துத்தான் நடந்தது. பள்ளத்தாக்கில் உள்ள ஒவ்வோர் ஊருக்கும் பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதில் ஓர் அடையாள எண் உண்டு. பெயர் என்ன, எங்கே இருக்கிறது, எத்தனை குடும்பம், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தகவல்கள் அந்த எண்ணோடு பின்னப்பட்டிருக்கும். நோல்வியாவின் வேலை அதற்கும் ஒரு படி மேலே. தகவல் ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும்: இதை யார் சொன்னது, எப்போது சொன்னது, எதுவரைக்கும் இது செல்லும், எவ்வளவு நம்பலாம். சீட்டு என்றால் காகிதம் இல்லை. திரையில் தகவலுக்கு அடியில் நாலு வரி. ஆனாலும் அலுவலகத்தில் அவளுக்குச் சீட்டுக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது.

“எம் பேருக்கு அடியிலயும் ஒட்டி வச்சிருப்பியே நீ,” என்பான் தொலைபேசி எடுக்கும் எல்வின். “‘இவன் சொல்றத வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு மேல நம்பாதே’ன்னு.”

“வெள்ளிக்கிழமை மட்டும்னு யார் சொன்னா?” என்பாள் அவள்.

அன்று அந்தப் பேச்செல்லாம் இல்லை. எல்வின் காதில் மாட்டிய கருவியோடு ஒன்று மாற்றி ஒன்றாகத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தான். பின்னல் தானே கணக்குப் போட்டு, தண்ணீர் வரப்போகும் ஊர்களைச் சிவப்பில் காட்டியது. அந்த ஊர் எண்களோடு கட்டிய தொலைபேசிகளுக்கெல்லாம் எச்சரிக்கை போய்க்கொண்டிருந்தது. ஒன்றுக்கொன்று முரண்படுகிற செய்திகளை மட்டும் பின்னல் சாம்பல் நிறத்தில் ஒதுக்கி நோல்வியாவின் திரைக்கு அனுப்பும். சாதாரண நாளில் அது எழுத்துப்பிழை, பெயர்க் குழப்பம் என்று தூக்கம் வரவழைக்கும் வேலை.

அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்று அன்று அவள் கண்ணில் பட்டது.

*கரிசால். சமையலறையில் தண்ணீர். படகு கேட்கிறார்.* அதன் அடியில் பின்னல் தானாக எழுதியிருந்தது: *கரிசால் மலைமேல் உள்ளது. தண்ணீர் வர வழியில்லை. நம்பத்தகாதது.*

அதே தொலைபேசியிலிருந்து முந்தின நாளும் இரண்டு அழைப்பு. அவையும் சாம்பல். பொய்ச் செய்தி திரும்பத் திரும்ப வந்ததால் பின்னல் அந்த எண்ணின் நம்பகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இப்போது அது எந்த வரிசையிலும் கடைசியில் போய் விழும்படி செய்திருந்தது.

“எல்வின், கரிசால்லேருந்து ஒரு பொம்பள கூப்ட்டாளே, என்ன சொன்னா?”

“கத்துனா. திட்டுனா. அந்த ஊரு மலை மேல இருக்கு, நோல்வியா. புயலுக்கு அப்புறம் அரசாங்கம் வீடு கட்டிக் குடுத்த எடம். அங்க தண்ணி வரணும்னா நாமல்லாம் மீனாயிருப்போம்.”

“குடி போதையா இருந்தாளா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “இல்ல,” என்றான். “பயந்துபோயிருந்தா.”

நோல்வியா அந்த எண்ணைக் கூப்பிட்டாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு ஒரு குரல் எடுத்த எடுப்பில் பாய்ந்தது.

“இப்பவாவது ஒங்களுக்குக் காது தொறந்துச்சா?”

“அம்மா, நான் எச்சரிக்கை மையத்துலேருந்து நோல்வியா. ஒங்க பேரு?”

“தில்சியா. எத்தன தடவ சொல்றது? அடுப்பு முழுகிப்போச்சு. கோழியெல்லாம் கூரையில ஏத்திட்டேன். எம் புள்ளைங்க கட்டில் மேல நிக்குது.”

“நீங்க எந்தக் கரிசால்ல இருக்கீங்க?”

“எத்தன கரிசால் இருக்கு ஒலகத்துல? நான் நிக்கிற எடந்தான் கரிசால்!”

“மலை மேல இருக்கிறது?”

“அது காலனி. அத யாரு கரிசால்னு சொன்னா? கரிசால் ஆத்துல இருக்கு, எங்க பாட்டன் காலத்துலேருந்து ஆத்துலதான் இருக்கு.”

பின்னால் ஒரு குழந்தை அழுதது. அதற்கும் பின்னால், விட்டுவிடாமல், ஏதோ இரைந்துகொண்டிருந்தது. அது மழைச் சத்தம் இல்லை என்று நோல்வியாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. மழைதான் நின்றுவிட்டதே.

“எத்தன குடும்பம் இருக்கு அங்க?”

“எல்லாரும்தான். இன்னிக்குச் செவ்வாக்கிழமையில்ல? மேல தண்ணிக் குழாயே இல்ல, வேலையும் இல்ல. ஞாயித்துக்கிழமை மேல போயி சாமி கும்புட்டுட்டு, திங்கக்கிழமை விடிய எறங்கிருவோம். வாழைய யாரு பாக்கறது?”

தொடர்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டாள், மணி அடிக்கவே இல்லை.

கரிசாலின் அடையாள எண்ணைத் திறந்தாள். ஒரே எண். இருப்பிடம்: மலைச்சரிவு. அதற்குக் கீழே சீட்டு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. யார் சொன்னது என்பது இல்லை. எதுவரை செல்லும் என்பது இல்லை. பழைய அட்டவணைகளைப் பின்னலுக்குள் கொட்டிய காலத்தில், அவள் இந்த வேலைக்கு வருவதற்கு எவ்வளவோ முன்னால், யாரோ ஆற்றங்கரை இருப்பிடத்தை அழித்து அதே எண்ணில் மலை இருப்பிடத்தை எழுதியிருக்கிறார்கள். ஊர் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதானே என்று நினைத்திருப்பார்கள். அன்று அது சரியாகக்கூட இருந்திருக்கும். பழைய கரிசால் என்று ஓர் இடம் பின்னலில் இல்லாமலே போய்விட்டது. பள்ளிக்கூடம், செவிலி, அறுபத்துச் சொச்சம் தொலைபேசிகள் எல்லாம் மலையில் தொங்கின. மலை சிவப்பில் இல்லை. ஆகவே அணை திறக்கப்போகும் செய்தி கரிசால்காரர்கள் ஒருவருக்கும் போகவில்லை.

அவள் எழுந்து இன்ஜினியர் எரிபெர்த்தோவின் அறைக்கு ஓடினாள்.

எரிபெர்த்தோ மையத்தின் பொறுப்பாளர். கனத்த உடம்பு, தாழ்ந்த குரல், ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம். அவள் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார்.

“ஒரு பொம்பள சொல்றா. அதுவும் பின்னல் நம்பாதேன்னு சொல்ற பொம்பள.”

“பின்னல் எதை வச்சு நம்பாதேங்குதுன்னு பாருங்க, இன்ஜினியர். அந்த இருப்பிடத் தகவலுக்குச் சீட்டே கெடையாது.”

“எனக்கு ரெண்டு பேர் சொல்லணும். விதி அது. ஏன் அந்த விதி வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியும்.”

தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரே ஆளின் பேச்சை நம்பிப் படகுகளை ஒரு ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே யாரும் சிக்கியிருக்கவில்லை. படகு திரும்பி வருவதற்குள் வேறோர் ஊரில் ஒரு குடும்பமே போய்விட்டது. அந்த அடக்கத்துக்கு எரிபெர்த்தோ போய், சவப்பெட்டி தூக்கினார். அதன் பிறகு அவர் விதியைத் தாண்டியதே இல்லை.

“ஊர்ச் சங்கத் தலைவர் இருக்காருல்ல?” என்றார். “அவரையே கேப்போம்.”

தலைவர் பெயர் லிசாந்த்ரோ. பின்னலில் அவர் பெயருக்கு அடியில் நோல்வியாவே ஒட்டிய சீட்டு இருந்தது: *ஊர்த் தலைவர். சொல்வது நம்பத்தக்கது.* எரிபெர்த்தோ ஒலிபெருக்கியில், பெரியவர்களுக்குச் சொல்லும் ‘தோன்’ சேர்த்துக் கூப்பிட்டார்.

“தோன் லிசாந்த்ரோ, நகராட்சியிலேருந்து பேசறோம். பழைய கரிசால்ல, ஆத்தங்கரையில, யாராவது குடியிருக்காங்களா?”

எதிர்முனையில் தொண்டையைச் செருமும் ஓசை.

“இல்லீங்க,” என்றது ஒரு முதிய குரல். “யாரும் இல்ல. நாங்க எல்லாரும் மேலதான் இருக்கோம். எழுதிக் குடுத்தபடி.”

“நல்லாத் தெரியுமா?”

“நான்தானே தலைவரு. எனக்குத் தெரியாம யாரு போவா?”

எரிபெர்த்தோ நன்றி சொல்லி வைத்தார். நோல்வியாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி ஒன்றும் இல்லை, களைப்புதான் இருந்தது. “எங்கிட்ட ரெண்டே படகு இருக்கு. அதுல ஒண்ணுக்கு மோட்டார் இருமிக்கிட்டே இருக்கு. லாஸ் பால்மாஸ்ல ஆஸ்பத்திரி நோயாளிங்க காத்திருக்காங்க. போ, வேலையப் பாரு.”

அவள் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். தலைவர் இல்லை என்கிறார். பின்னலின் கணக்குப்படி அவர் சொல் தில்சியாவின் சொல்லைவிடப் பத்து மடங்கு கனம். அந்தக் கனத்தை வைத்தது அவள் கைதான்.

‘எழுதிக் குடுத்தபடி’ என்ற சொல்தான் அவளை உறுத்தியது. யாரும் கேட்காமலே அதை ஏன் சொன்னார்?

“எல்வின், புயலுக்கு அப்புறம் ஆத்தங்கரை நெலம் யாருக்குப் போச்சு?”

“எண்ணெய்ப்பனைக் கம்பெனி அது எங்களுதுன்னு கேஸ் போட்டிருக்கு. மேல வீடு வாங்கினவங்க கீழ திரும்ப மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. திரும்புனா மேல வீடும் போயிரும்னு பேச்சு. எங்க மாமா ஒருத்தர் அங்க காவலுக்கு இருந்தாரு, அதனால தெரியும்.” அவன் குரல் இறங்கியது. “அந்தம்மா மூணு தடவ கூப்ட்டும் சாம்பல்ல போக விட்டுட்டேன், நோல்வியா.”

அவள் எழுந்தாள். தன் சொந்தத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். அங்கே யாரும் இல்லை. லிசாந்த்ரோவின் எண்ணை அழுத்தினாள்.

“தோன் லிசாந்த்ரோ, நான் இப்ப ஒங்ககூடப் பேசினவரோட ஆபீஸ்ல வேலை பாக்கறவ. இந்தப் பேச்ச வேற யாரும் கேக்கல.”

“நாந்தான் சொல்லிட்டேனே, மகளே. யாரும் இல்ல.”

“சரி. அப்ப நான் ஒண்ணு சொல்றேன், நீங்க கேட்டுக்கங்க. மதியத்துக்கு மேல அணையத் தொறக்கறாங்க.”



“எங்களுக்கு யாரும் சொல்லலியே,” என்றார் அவர். குரல் வேறாக இருந்தது.

“ஒங்க ஊரு மலை மேல இருக்குன்னு கம்ப்யூட்டர் நெனைக்குது. அதான் சொல்லல.”

“எல்லா மதகுமா?”

“எல்லாமும்.”

“கடவுளே.” ஏதோ கீழே விழுந்த ஓசை. “எம் மக கீழ இருக்கா. பேரப்புள்ளைங்க இருக்குது. அம்பது குடும்பத்துக்கு மேல இருக்கு. கரண்டு போயி ரெண்டு நாளாச்சு, பாதிப் பேரு போனு செத்துக் கெடக்கு.”

“அப்ப ஏன் இல்லேன்னீங்க?”

“நீங்க நகராட்சின்னீங்க! போன மாசந்தான் கம்பெனி வக்கீலு நகராட்சி ஆளக் கூட்டிக்கிட்டு வந்து இதையேதான் கேட்டாரு, யாராவது குடியிருக்காங்களா, யாராவது குடியிருக்காங்களான்னு. நான் ஆமான்னு ஒரு வார்த்த சொன்னேன்னா அது ஊரு சொன்ன மாதிரி. மேல இருக்கிற வீட்டையும் புடுங்கிருவாங்க.” அவர் மூச்சு வாங்கினார். “எம் பேர எழுதிராத, மகளே. படகு அனுப்பு. எம் பேர எழுதிராத.”

“எழுத மாட்டேன்,” என்றாள் நோல்வியா.

சொல்லிவிட்டாளே தவிர, படியேறும்போதே அதில் இருந்த சிக்கல் அவளுக்குத் தெரிந்தது. ஆள் பெயர் இல்லாத தகவலைப் பின்னல் ஏற்காது. அப்படி ஏற்கக் கூடாது என்று சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்ததே அவள்தான்.

உட்கார்ந்தாள். புதிதாக ஓர் அடையாள எண் உண்டாக்கினாள். பெயர்: கரிசால். இருப்பிடம்: லீமோன் ஆற்றின் இடது கரை. பழைய எண்ணுக்கு ‘கரிசால் காலனி’ என்று பெயர் மாற்றினாள். குடியிருப்போர் ஐம்பது குடும்பத்துக்கு மேல். திங்கள் முதல் சனி வரை. சீட்டில் யார் சொன்னது என்ற இடத்தில் முதலில் தில்சியாவின் பெயரை எழுதினாள். பின்னல் அதை வாங்கிக்கொண்டு, நம்பகம் குறைவு என்று பல்லிளித்தது. இன்னொருவர் பெயர் வேண்டும். நோல்வியாவின் விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றன.  கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தன் பெயரை எழுதினாள். நோல்வியா சந்தேலி, மைய ஊழியர். பொறுப்பேற்கிறீர்களா என்று கேட்டது. ஆம்.

கரிசால் சிவந்தது.

எரிபெர்த்தோ தன் அறையிலிருந்து வெளியே வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

“நீ நேர்ல போயிப் பாத்தியா?”

“இல்ல.”

“அப்ப பொய் எழுதியிருக்க.”

“பாத்தேன்னு எழுதல. நான் சொல்றேன்னு எழுதியிருக்கேன்.”

“ஒனக்கு யார் சொன்னா? தலைவரா?”

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்வின் காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

“நோல்வியா,” எரிபெர்த்தோ குரலைத் தாழ்த்தினார். “லாஸ் பால்மாஸ்ல நடக்க முடியாதவங்க இருக்காங்க. நீ சொல்றத நம்பி நான் ஒரு படகத் திருப்பி விட்டு, அங்க யாரும் இல்லேன்னா?”

“அங்க இருக்காங்க.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா என் பேரு இருக்கே அங்க,” என்றாள்.  “வேற எதுக்கு அந்தச் சீட்டு?”

 எரிபெர்த்தோ எல்வினின் மேசைத் தொலைபேசியை எடுத்து அணைக்குப் பேசினார். கெஞ்சினார். ஒரு கட்டத்தில் கத்தினார். மதகுகளை ஒரே நேரத்தில் திறக்காமல் ஒவ்வொன்றாகத் திறக்க அணைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு மேல் அவர்களால் முடியாது. அடுத்தபடியாகத் தீயணைப்புப் படகுக்கு.

“சார்ஜென்ட் புவேசோ, நல்ல மோட்டார் இருக்கிற படகு கரிசாலுக்குப் போகட்டும். மலைக்கு இல்ல, ஆத்துக்கு. ஆமாய்யா, பழைய கரிசால். இருமற படகு லாஸ் பால்மாஸ் போகட்டும். தெரியும். எனக்கும் தெரியும்.”

தொலைபேசியை வைத்ததும் நோல்வியாவிடம், “இனிமே என்ன வேணும் ஒனக்கு?” என்றார்.

“போன் நம்பரெல்லாம் பிரிக்கணும். எது மேல, எது கீழன்னு.”

“எல்லாருக்கும் அனுப்பித் தொலையேன்!”

“அனுப்புனா மேல இருக்கிறவங்க என்ன செய்வாங்க? புள்ளையத் தேடிக் கீழ ஓடுவாங்க. தண்ணிக்குள்ள.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு விலகினார். அவள் மறுபடி லிசாந்த்ரோவைக் கூப்பிட்டாள். இம்முறை அவர் காற்றில் கத்தினார். மோட்டார் சைக்கிள் சத்தம் கூடவே வந்தது.

“நான் கீழ போறேன்! கைக்கு ஒரு புள்ளையாவது தூக்கியாந்தாகணும்!”

“போங்க, ஆனா வண்டிய நிறுத்திட்டு ஒரு நிமிஷம் நான் வாசிக்கிற பேரைக் கேளுங்க. மேலயா கீழயான்னு மட்டும் சொல்லுங்க.”

அவள் பெயர்களை வாசித்தாள். மேல. கீழ. கீழ. அவ செத்துப்போயி வருசமாச்சு. கீழ. அவன் அமெரிக்காவுல இருக்கான். கீழ. மேல, ஆனா அவ புருசன் கீழ, ஒரே போனுதான். அந்த இடத்தில் இருவருமே தடுமாறினார்கள். போன் யார் கையில் இருக்கும்? “அவங்கிட்டதான் இருக்கும், சூதாடறவன், போன விடமாட்டான்,” என்றார் லிசாந்த்ரோ. அந்த நெருக்கடியிலும் எல்வின் பக்கத்திலிருந்து மூக்கால் சிரித்துவிட்டான். நோல்வியா அந்த எண்ணைக் கீழே கட்டினாள். ஒவ்வொன்றின் சீட்டிலும் பெயர் கேட்டது. ஒவ்வொன்றிலும் தன் பெயரையே எழுதிக்கொண்டு போனாள்.

பாதிப் பட்டியலுக்கு மேல் இருக்கும்போது, “போதும் மகளே, நான் எறங்கறேன்,” என்று வைத்துவிட்டார்.

பிரித்தவரைக்கும் போதும் என்று செய்தியை அனுப்பினாள்.

அதன் பிறகு அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. முதல் மதகு திறந்தது என்று அணையிலிருந்து செய்தி வந்தது. இரண்டாவது. தில்சியாவின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள், அது எடுபடவில்லை. எல்வின் அவளுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தான். தன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.

வானொலிக் கருவியில் புவேசோவின் குரல் இரைச்சலோடு வந்தது.

“மையம், கரிசாலுக்கு வந்துட்டோம்.” இரைச்சல் கூடிக் குறைந்தது. “கூரை மேலெல்லாம் ஆளு. மையம், கேக்குதா? கூரை மேலெல்லாம் ஆளு இருக்கு.”

எரிபெர்த்தோ சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“எல்லாரையும் படகுல ஏத்த முடியாது,” என்றது புவேசோவின் குரல். “பக்கத்துல பனைக் கம்பெனியோட கரை ஒசரமா இருக்கு. முள்வேலி போட்டிருக்காங்க. காவலாளி துப்பாக்கிய வச்சுக்கிட்டு உள்ள விடமாட்டேங்கறான்.”

“வேலிய வெட்டு,” என்றார் எரிபெர்த்தோ, கண்ணைத் திறக்காமலே.

“யாரு உத்தரவுன்னு கேக்கறான்.”

“எம் பேரச் சொல்லு.”

வேலியை வெட்டினார்கள். காவலாளியே கடைசியில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கிக் கரையேற்றினான் என்று புவேசோ பிறகு சொன்னார். லிசாந்த்ரோ இடுப்பளவு தண்ணீரில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். தில்சியா இரண்டு பிள்ளைகளோடும் ஒரு கூடை கோழியோடும் வந்து சேர்ந்தாள். கோழியை விட்டுவிட்டு வா என்றதற்கு அவள் புவேசோவைத் திட்டிய திட்டை அவர் வானொலியில் சொல்ல மறுத்துவிட்டார். இருமுகிற மோட்டார் படகு லாஸ் பால்மாஸுக்கு மூன்று நடை போய்த் தாக்குப்பிடித்தது.

கரிசாலில் ஒருவர் மட்டும் வரவில்லை. கோவேறு கழுதைகளை அவிழ்த்துவிடத் திரும்பிப் போன ஒரு மனிதர். கழுதைகள் நீந்திக் கரையேறிவிட்டன. அவரை மறுவாரம் வண்டலுக்குள்ளிருந்து எடுத்தார்கள். அவர் பெயரையும் நோல்வியாதான் பின்னலில் எழுதினாள்.

ஆறு வடிந்த பிறகு எண்ணெய்ப்பனைக் கம்பெனியின் வக்கீல் வந்தார். பொதுத் தகவல் என்ற முறையில் கரிசாலின் புதிய எண்ணில் உள்ளதையெல்லாம் கேட்டு வாங்கினார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஊர்க்காரர்கள் ஒப்பந்தத்தை மீறி ஆற்றங்கரைக்குத் திரும்பிவிட்டதாக ஊர்த் தலைவரே ஒத்துக்கொண்டதற்குச் சாட்சி. வேலியை வெட்டியதற்கும் நேரில் பார்க்காததை எழுதியதற்கும் சேர்த்து நகராட்சி ஒரு விசாரணை வைத்தது.

விசாரணைக்கு முந்தின நாள் எரிபெர்த்தோ அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “தலைவர் சொன்னாருன்னு சொல்லிரு. ஒம்மேல ஒண்ணும் வராது. ரெண்டாவது ஆளு இருக்குன்னு ஆயிடும், விதிப்படி சரியாயிடும்.”

“வக்கீலுக்கும் சரியாயிடும்.”

“ஒனக்கு வேலை போகும், நோல்வியா.”

“தெரியுது, இன்ஜினியர்.”

விசாரணை அறைக்கு வெளியே நீண்ட பெஞ்சில் லிசாந்த்ரோ உட்கார்ந்திருந்தார். அவள் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டு, தொப்பியை மடியில் வைத்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவர் மெல்ல உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே கம்பெனி வக்கீலையும் கேள்வி கேட்க விட்டிருந்தார்கள். அவர் மரியாதையாகவே கேட்டார்.

“அங்கே குடியிருப்பதை நேரில் பார்த்தீர்களா?”

“இல்ல.”

“பிறகு எப்படித் தெரியும்?”

“அங்கேருந்து கூப்ட்ட ஒரு பொண்ணோட போன்ல ஆத்துச் சத்தம் கேட்டுச்சு.”

“வேறு யாராவது சொன்னார்களா?”

“அங்க என் பேருதான் இருக்கு. நான் சொன்னேன்.”

வக்கீல் சுற்றிச் சுற்றிக் கேட்டார். அவள் அதையே சொன்னாள். ஓர் அலுவலகப் பெண் எங்கோ இருந்துகொண்டு கேட்ட சத்தத்தை வைத்து ஒரு ஊரின்மேல் வழக்கு நடத்த முடியாது. படகுக்காரர்கள் பார்த்ததைக் காட்டலாமே என்றார் விசாரணைக்கு உட்கார்ந்தவர்களில் ஒருவர்; வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்கள் குடியிருந்தவர்கள்தான் என்று எப்படிச் சொல்வது, வாழை வெட்டப் போனவர்களாகவும் இருக்கலாமே என்று எரிபெர்த்தோ முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் பதில் சொன்னார். வக்கீல் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். மலை வீடுகள் அந்த முறை தப்பின.

எரிபெர்த்தோவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நோல்வியாவை மையத்திலிருந்து நீக்கினார்கள்.

அவள் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் தொடர்ந்து வந்தது. நிழற்குடையின் கீழ் நின்றதும் லிசாந்த்ரோ சற்றுத் தள்ளி வந்து நின்றார். சோளம் சுடுகிற பெண் இருவரையும் பார்த்துவிட்டு விசிறியை வேகமாக வீசினாள்.

“நான் உள்ள வந்து சொல்லியிருக்கணும்,” என்றார் அவர்.

“வந்திருந்தா ஒங்கள அங்கேயே அடிச்சிருப்பேன்.”

அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“ஆனா,” என்றாள் நோல்வியா. சொல்ல வேண்டாம் என்று நினைத்தாள், வந்துவிட்டது. “கதவு தொறக்குற சத்தம் கேட்டப்போ ஒரு நிமிஷம், நீங்கதான் வர்றீங்களோன்னு நெனச்சேன்.”

“அது தண்ணி கொண்டாந்த பையன்.”

“ஆமா. பாத்தேன்.”

பேருந்து வந்தது. அவர் ஏறவில்லை, அவர் ஊர்ப் பேருந்து அது இல்லை. அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். வண்டி நகரும்போது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்ஜின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கையை மட்டும் உயர்த்தினாள்.